துணிப் பொம்மையில் கற்ற பிரசவக் கலை

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறப்பு என்று சொல்வது நம் வழக்கம். ஓர் உயிர் இரண்டாகப் பிரியும் அந்தச் சில மணி நேரத்தில் தாயின் அருகில் நிற்பவர் யார், அவருடைய கைகளுக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தே பல வீடுகளில் அந்த நாள் திருநாளாகவோ துக்க நாளாகவோ முடிகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் மட்டும் கருவுற்ற காலத்திலோ பேறுகாலத்திலோ அதை ஒட்டிய நாட்களிலோ ஏறத்தாழ 2 லட்சத்து 60 ஆயிரம் பெண்கள் உயிரிழந்தனர். பிறந்து ஒரு மாதம் நிறைவதற்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையோ ஆண்டுக்கு ஏறத்தாழ 23 லட்சம். இவற்றுள் பெரும்பாலானவை தடுக்கக் கூடிய மரணங்கள். அதற்கு மருந்தும் கருவிகளும் வேண்டும். அவற்றைப் பதற்றமின்றிப் பயன்படுத்தத் தெரிந்த கைகளும் வேண்டும்.

அந்தக் கைகளுக்கு எப்படிக் கற்றுக் கொடுப்பது? புத்தகத்தைப் படித்தால் மட்டும் போதாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சரி, உண்மையான தாய்மாரிடமே பழகிக் கொள்ளட்டும் என்றால், கற்றுக்குட்டி செய்யும் முதல் பிழைக்கு விலை கொடுப்பவர்கள் அந்தத் தாயும் சேயும்தான். இந்த இக்கட்டுக்கு மனிதர்கள் கண்ட விடையே பாவனைப் பயிற்சி. உயிரில்லாத ஒன்றை உயிருள்ளதாகப் பாவித்து, தவறு செய்து, திருத்திக் கொண்டு, பிறகு உயிருள்ளவரிடம் போவது.

இன்று இது கணினியும் மின்சாரமும் கொண்டுவந்த புதுமை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பேறுகாலப் பயிற்சிக்குப் பொம்மையைப் பயன்படுத்தும் வழக்கத்திற்கு ஏறத்தாழ 280 ஆண்டு வரலாறு உண்டு. பொம்மையைச் செய்துவிடலாம், ஆனால் அதை வைத்துக் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியரை உருவாக்குவதுதான் கடினம் என்பதே அந்த வரலாறு திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி.

சுரைக்காயில் தொடங்கிய பயிற்சி

ஏட்டுச் சுரைக்காய் உதவாது என்ற பழமொழிக்கு மறுபக்கம் போல, உண்மைச் சுரைக்காய் உதவிய கதை ஒன்று உண்டு. இந்தியாவின் பழம்பெரும் அறுவை மருத்துவ நூலான சுசுருத சங்கிதையில், மாணவர்களின் செய்முறைப் பயிற்சிக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. சாத்திரம் முழுவதையும் கற்று முடித்த மாணவன்கூடச் செய்முறைப் பழக்கம் இல்லாவிட்டால் தொழிலுக்குத் தகுதியற்றவன் என்பது அதன் கருத்து. சுரை, பூசணி, வெள்ளரி போன்ற காய்களில் வெட்டிப் பழக வேண்டும். நீர் நிறைத்த தோற்பையில் கீறிப் பழக வேண்டும். இறந்த விலங்கின் இரத்தக் குழாயிலும் தாமரைத் தண்டிலும் குழாயைத் திறந்து பழக வேண்டும். ஆள் உயரத்தில் செய்த உருவத்தின் மீது கட்டுப்போட்டுப் பழக வேண்டும். இப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மாற்றுப்பொருளை அந்த நூல் சொல்கிறது.

சீனாவிலும் இதற்கு ஈடான முயற்சி நடந்தது. சோங் அரச மரபின் காலத்தில், 1027ஆம் ஆண்டு வாக்கில், குத்தூசி மருத்துவம் கற்பிப்பதற்காக ஆள் உயர வெண்கல உருவம் வார்க்கப்பட்டது. தேர்வின்போது அதன்மேல் மெழுகு பூசி, உள்ளே திரவத்தை நிரப்பி வைப்பார்களாம். மாணவர் சரியான இடத்தில் ஊசியைச் செலுத்தினால் திரவம் கசியும்.

பேறுகாலத்துக்கென்று கருவிகள் செய்யும் முயற்சி 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வேகம் பிடித்தது. லண்டனில் வில்லியம் ஸ்மெல்லி என்ற மருத்துவர் 1740களில் உண்மையான எலும்புகளின் மீது தோலைப் போர்த்தி ஒரு மாதிரி உருவத்தைச் செய்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். இத்தாலியின் பொலோனியா நகரில் ஜொவான்னி அந்தோனியோ கல்லி என்ற மருத்துவர், மாணவர்களின் கண்களைக் கட்டிவிட்டு மாதிரி உருவத்தில் குழந்தையை வெளியே எடுக்கச் சொல்வார். கருப்பைக்குள் கண்ணால் பார்க்க முடியாது. விரல்தான் கண் என்பதை உணர்த்துவதற்கு அது நல்ல வழி.

ஆனால் இவர்கள் கற்பித்ததெல்லாம் பெருநகரங்களில். அன்று பெரும்பாலான பிள்ளைகள் பிறந்தது கிராமத்தில். அங்கே பிரசவம் பார்த்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள். அவர்களைத் தேடிச் சென்றவர் ஒரு மருத்துவச்சி.

மன்னர் அனுப்பிய மருத்துவச்சி

அவர் பெயர் ஆஞ்சலிக் மார்கரீத் டு கூத்ரே. பாரிஸ் நகரில் முறையாகத் தொழில் கற்று, 1740இல் உரிமம் பெற்றவர். அங்கே நல்ல பெயரோடு தொழில் செய்து கொண்டிருந்த அவர், 1750களின் தொடக்கத்தில் பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள ஒவேர்ன் என்ற மலைநாட்டுக்கு அழைக்கப்பட்டார். அங்குள்ள கிராமப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக் கொடுப்பது அவருடைய பணி. அறியாமையால் சிதைக்கப்பட்ட தாய்மாரையும், உயிர் தப்பினாலும் ஊனமாகிப்போன குழந்தைகளையும் அவர் அங்கே கண்டார்.

பாடம் நடத்தத் தொடங்கியதும் அவருக்கு ஒன்று புரிந்தது. இடுப்பெலும்பின் அமைப்பு, குழந்தையின் கிடை, தலை திரும்பும் விதம் ஆகியவற்றை வாயால் விளக்கினால் இந்தப் பெண்களின் மனத்தில் பதியவில்லை. அவர்களுக்குப் படிப்புப் பழக்கம் இல்லை. ஆனால் கைப்பழக்கம் உண்டு. தைப்பதும் பின்னுவதும் கால்நடைகளைப் பேணுவதும் அவர்கள் அன்றாடம் செய்யும் வேலைகள். ஆகவே, கைக்குப் புரியும் மொழியில் பாடம் சொல்ல அவர் முடிவு செய்தார். துணியாலும் தோலாலும் ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியை உண்மையான அளவிலேயே தைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் வெறுமனே 'இயந்திரம்'.

அந்த இயந்திரத்தின் நுணுக்கம் இன்றும் வியப்பளிக்கிறது. பிறப்புவழி எப்படி விரிகிறது என்பதைக் காட்ட அதில் வார்களும் கயிறுகளும் இருந்தன. உள்ளே வைத்த பஞ்சுகளிலிருந்து வேண்டிய நேரத்தில் பனிக்குட நீரைப் போலத் தெளிந்த நீரும் உதிரத்தைப் போலச் சிவப்பு நீரும் கசியும்படி செய்யலாம். தொப்புள்கொடியும் நச்சுக்கொடியும் துணியிலேயே தைக்கப்பட்டிருந்தன. குழந்தைப் பொம்மையை எந்தக் கிடையிலும் வைக்கலாம். இரட்டைக் குழந்தைகளும் உண்டு. குழந்தையின் வாய் திறந்திருக்கும். உள்ளே நாக்கும் இருக்கும். இது அழகுக்காகச் செய்த வேலை அன்று. கால் முன்னே வரும் பிரசவத்தில், தலை சிக்கிக் கொள்ளாமல் இருக்கக் குழந்தையின் வாய்க்குள் விரலைவிட்டு முகத்தைத் தாழ்த்த வேண்டியிருக்கும். அதைப் பழகுவதற்காகவே அந்த வாய்.

1758இல் பிரெஞ்சு அறுவை மருத்துவக் கழகம் இந்தக் கருவியை ஆராய்ந்து ஏற்றுக் கொண்டது. 1759இல் அவருடைய பாடநூல் வெளிவந்தது. அதே ஆண்டில் மன்னர் பதினைந்தாம் லூயி, நாடு முழுவதும் சென்று கற்பிக்க அவருக்கு ஆணை வழங்கினார். மன்னருக்கும் இதில் அக்கறை இருந்தது. நாட்டில் மக்கள்தொகை குறைகிறது, போருக்கும் உழவுக்கும் ஆள் இல்லாமல் போகும் என்ற அச்சம் அன்றைய ஆட்சியாளர்களை ஆட்டிக் கொண்டிருந்தது. 1767இல் கிடைத்த இரண்டாவது ஆணை, அவருக்கு ஆண்டுக்கு 8,000 லிவர் ஊதியத்தை உறுதி செய்தது. அரசாங்கச் சம்பளத்தில் நாடெங்கும் சென்று பாடம் நடத்தும் பொறுப்பு ஒரு பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டது அந்தக் காலத்தில் அபூர்வம்.

1760 முதல் 1783 வரை, ஏறத்தாழ கால் நூற்றாண்டு, டு கூத்ரே அம்மையார் தம் இயந்திரத்தோடு ஊர் ஊராகச் சென்றார். நாற்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் வகுப்புகள் நடந்தன. ஒவ்வொரு வகுப்பும் ஏறத்தாழ இரண்டு மாதம். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பாதிரியார்களும் அதிகாரிகளும் பெண்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். ஒவ்வொரு மாணவியும் தம் முறை வரும்போது இயந்திரத்தின் முன் அமர்ந்து, எளிய பிரசவத்திலிருந்து சிக்கலான பிரசவம் வரை மீண்டும் மீண்டும் செய்து பார்ப்பார். இப்படி அவர் நேரடியாகப் பயிற்றுவித்த பெண்கள் 4,000க்கும் மேல் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். படிக்கத் தெரியாதவர்களும் பார்த்துப் புரிந்து கொள்ளும்படி அவருடைய நூலின் பிந்தைய பதிப்பு வண்ணப் படங்களோடு வந்தது.

பொம்மையோடு போதகரும்

டு கூத்ரே அம்மையாரின் பெருமை இயந்திரத்தோடு முடிந்துவிடவில்லை. தாம் ஓர் ஊரைவிட்டுப் புறப்பட்ட மறுநாள் என்ன ஆகும் என்று அவர் யோசித்தார். இரண்டு மாதம் கற்ற பெண்கள் வீடு திரும்புவார்கள். அடுத்த ஆண்டு புதிய பெண்கள் வருவார்கள். அவர்களுக்குக் கற்பிப்பது யார்?

இதற்காக அவர் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தார். முதலாவது, வகுப்பு நடந்த நகரம் ஓர் இயந்திரத்தை விலைக்கு வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். அதன் விலை ஏறத்தாழ 300 லிவர். இரண்டாவது, அந்த ஊரிலுள்ள அறுவை மருத்துவர்களுக்கு அந்த இயந்திரத்தைக் கொண்டு பாடம் நடத்தும் முறையைத் தனியாகக் கற்றுக் கொடுத்தார். இப்படிப் பயிற்சி பெற்ற பயிற்றுநர்கள் ஏறத்தாழ 500 பேர். பிரசவம் பார்ப்பது எப்படி என்பது ஒரு பாடம்; பிரசவம் பார்க்கக் கற்பிப்பது எப்படி என்பது வேறொரு பாடம். இந்த வேறுபாட்டை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

முதுமை வந்ததும் பணியைத் தம் உறவுப்பெண்ணான திருமதி குத்தான்சோவிடம் ஒப்படைத்தார். அவர் போர்தோ நகரில் மருத்துவச்சிப் பள்ளியைத் தொடர்ந்து நடத்தினார். டு கூத்ரே அம்மையார் பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்புக்கு நடுவே, 1794இல் அதே நகரில் காலமானார். அவர் காலத்தில் நகரந்தோறும் இருந்த இயந்திரங்களுள் இன்று எஞ்சியிருப்பதாக அறியப்படுவது ஒன்றே ஒன்று. அது ருவான் நகரின் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, அந்தத் துணிக்குள்ளே ஓர் இளம்பெண்ணின் உண்மையான இடுப்பெலும்பு இருப்பது தெரிய வந்தது.

தாதியர் பள்ளிக்கு வந்த பொம்மைகள்

19ஆம் நூற்றாண்டில் பிரசவம் மெல்ல மெல்ல மருத்துவமனைக்கு வந்தது. தாதிமை முறையான கல்வியாக வளர்ந்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனைத் தாதியர் பள்ளி, மாணவிகள் பழகுவதற்கு ஆள் உயரப் பொம்மை ஒன்று வேண்டும் என்று மார்த்தா சேஸ் என்ற பொம்மைத் தயாரிப்பாளரைக் கேட்டது. 1911இல் வந்து சேர்ந்த அந்தப் பொம்மைக்கு மாணவிகள் மரியாதையோடு 'திருமதி சேஸ்' என்றே பெயர் வைத்தார்கள். நோயாளியைத் தூக்குவது, திருப்புவது, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது எல்லாம் முதலில் திருமதி சேஸிடம்தான்.

அடுத்த பெரிய திருப்பம் 1960இல் நார்வேயில் நிகழ்ந்தது. ஆஸ்மண்ட் லேர்டால் என்ற விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர், மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையைப் பழகுவதற்காக ஒரு பிளாஸ்டிக் பொம்மையைச் செய்தார். 'ஆன்' என்ற அந்தப் பொம்மை உலகெங்கும் முதலுதவி வகுப்புகளில் இடம்பெற்றது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஏழை நாடுகளின் பிரசவ அறைகளுக்கென அதே லேர்டால் பெயரில் புதிய பொம்மைகள் வந்தன. அவற்றின் கதையில்தான் டு கூத்ரே அம்மையார் எழுப்பிய கேள்வி மறுபடியும் தலைதூக்கியது.

பொன்னான ஒரு நிமிடம்

பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு மூச்சைத் தொடங்க ஏதேனும் ஓர் உதவி தேவைப்படுகிறது. பெரும்பாலும் ஈரத்தைத் துடைத்து, முதுகைத் தடவித் தூண்டினாலே போதும், குழந்தை அழுதுவிடும். அதற்கும் அசையாத குழந்தைக்கு, மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியை வைத்துக் கைப்பையை அமுக்கிக் காற்று செலுத்த வேண்டும். இவை அனைத்தையும் பிறந்த ஒரே நிமிடத்திற்குள் செய்தாக வேண்டும். அந்த அறுபது விநாடிகளைப் 'பொன்னான நிமிடம்' என்கிறார்கள்.

இந்த ஒரு நிமிடத்தைக் கற்பிப்பதற்காக அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வேறு பல அமைப்புகளோடு சேர்ந்து 2010இல் ஒரு பாடத்திட்டத்தை வெளியிட்டது. பெரிய பெரிய படங்கள், எளிய சொற்கள், அதோடு 'நியோநேட்டலி' என்ற குழந்தைப் பொம்மை. வெதுவெதுப்பான நீரை நிரப்பினால் அது உண்மைக் குழந்தையைப் போலக் கனக்கும். கைகால்கள் துவண்டு தொங்கும். தலையைச் சரியான வாட்டத்தில் வைத்து, முகமூடியை இடைவெளியின்றிப் பொருத்தினால்தான் அதன் மார்பு எழும்பும். தவறாகச் செய்தால் எழும்பாது. பயிற்றுநர் கையிலுள்ள சிறு குமிழை அமுக்கினால் தொப்புள்கொடி துடிக்கும். தாய்க்கென 'மாமாநேட்டலி' என்ற கருவியும் வந்தது. அதைப் பயிற்றுநர் தம் வயிற்றில் கட்டிக் கொண்டு, குழந்தை இறங்குவதையும் உதிரம் பெருகுவதையும் தாமே கட்டுப்படுத்துவார். மின்சாரம் தேவையில்லை.

ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் எட்டு மருத்துவமனைகளில் இந்தப் பாடம் நடத்தப்பட்டது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் 47 விழுக்காடு குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் அதே ஆண்டில், அதே நாட்டின் ஹய்டம் என்ற ஊர் மருத்துவமனையிலிருந்து மற்றோர் ஆய்வும் வந்தது. ஒரு நாள் வகுப்புக்குப் பிறகு தாதியர் பொம்மையிடம் நன்றாகச் செய்தார்கள். பிரசவ அறையில் உண்மைக் குழந்தையிடமோ அவர்கள் செய்யும் முறையில் பெரிய மாற்றம் இல்லை என்றது அது.

இது அதிர்ச்சி தரும் செய்தி. சான்றிதழ் இருக்கிறது, தேர்விலும் தேறியாயிற்று. ஆனால் நள்ளிரவில் குழந்தை மூச்சு விடாமல் கிடக்கும்போது கை பழைய வழக்கத்துக்கே திரும்புகிறது. அந்த மருத்துவமனை மனம் தளரவில்லை. பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரசவப் பிரிவிலேயே வைத்தது. வாரந்தோறும் சில நிமிடங்கள் பணி நேரத்திலேயே தாதியர் அதில் பழகினார்கள். மாதம் ஒருமுறை சற்று நீண்ட பயிற்சி. அதை நடத்தும் பொறுப்பு அங்குள்ள ஊழியர்களிடமே கொடுக்கப்பட்டது. 2015இல் வெளியான முடிவின்படி, முதல் 24 மணி நேரத்தில் ஏற்படும் குழந்தை மரணம் ஆயிரத்துக்கு 11.1 என்ற நிலையிலிருந்து 7.2 ஆகக் குறைந்தது. பொம்மை அதுவே, பாடமும் அதுவே. மாறியது இரண்டு: எத்தனை முறை பழகுகிறோம் என்பதும், பக்கத்தில் இருந்து பழக்குபவர் யார் என்பதும்.

இந்த அனுபவம் பின்னர் தான்சானியாவின் 30 மருத்துவமனைகளுக்கு விரிவாக்கப்பட்டது. ஒவ்வோர் இடத்திலும் உள்ளூர் ஊழியர்களே பயிற்றுநர்களாக உருவாக்கப்பட்டனர். தொடர் பயிற்சியோடு, குழந்தையின் இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவிகளும் வழங்கப்பட்டன. 2025இல் வெளியான முடிவு, பிரசவத்தை ஒட்டிய குழந்தை இழப்பு ஆயிரத்துக்கு 15.3 இலிருந்து 12.5 ஆகக் குறைந்ததாகக் காட்டியது. தாய்மாரின் மரணமும் பெருமளவு குறைந்தது.

பீகாரின் தாதி ஆசிரியைகள்

ஆசிரியரை உருவாக்குவது எவ்வளவு கடினம் என்பதை இந்தியாவின் பீகார் மாநிலத்தில் நடந்த முயற்சி நன்கு காட்டுகிறது. 2005இல் இந்திய அரசு, மருத்துவமனையில் பிள்ளை பெறும் ஏழைத் தாய்மாருக்கு உதவித்தொகை அளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பீகாரில் 2005-06ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மருத்துவமனையில் நடந்த பிரசவங்கள் ஏறத்தாழ 20 விழுக்காடு. பத்து ஆண்டுகளில் அது ஏறத்தாழ 64 விழுக்காடாக உயர்ந்தது. தாய்மார் வந்துவிட்டார்கள். ஆனால் அவர்களை வரவேற்ற ஆரம்பச் சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்த்த தாதியருக்குச் சிக்கலான நிலைமைகளில் போதிய பயிற்சி இல்லை.

பீகார் அரசு, கேர் இந்தியா என்ற அமைப்போடு சேர்ந்து 'அமானத்' என்ற திட்டத்தை வகுத்தது. தாதியரைத் தலைநகருக்கு வரவழைத்து வகுப்பு எடுப்பதற்குப் பதிலாக, ஆசிரியர்களை அவர்களிடம் அனுப்பியது. பட்டம் பெற்ற தாதியரைத் தேர்ந்தெடுத்து வழிகாட்டிகளாக்கினார்கள். அவர்கள் இருவர் இருவராகச் சுகாதார நிலையங்களுக்குச் சென்று, மாதத்தில் ஒரு வாரம் அங்கேயே இருந்து, பல மாதங்கள் தொடர்ந்து கற்பித்தார்கள். ஒரு வகையில் அது டு கூத்ரே அம்மையாரின் பயணமேதான்.

இந்த வழிகாட்டித் தாதியருக்குப் பாவனைப் பயிற்சி நடத்தும் முறையைக் கற்பித்தது புரோன்டோ என்ற அமைப்பு. அவர்கள் பயன்படுத்திய கருவி மிக எளிமையானது. அறுவைக் கூடத்தில் அணியும் சாதாரணக் கால்சட்டையை வெட்டித் தைத்து, உள்ளே குழந்தைப் பொம்மையையும் செயற்கை உதிரத்தையும் வைத்துவிடுவார்கள். தாதி ஒருவர் அதை அணிந்து கொண்டு தாயாக நடிப்பார். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. பொம்மை வலியில் கத்தாது; "என்ன செய்யப் போறீங்க சிஸ்டர்?" என்று கேட்காது. நடிப்பவர் கேட்பார். அதட்டினால் முகம் சுருங்குவார். தாயிடம் எப்படிப் பேசுவது என்பதும் பயிற்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறது. நாளை இதே அறையில் இன்னொரு பெண் படும் பாட்டை இன்று தாமே படுத்துப் பார்க்கும் தாதிக்கு, அந்த அனுபவமே தனிப் பாடம்.

இந்தப் பயிற்சியின் உயிர்நாடி, நடிப்பு முடிந்த பிறகு நடக்கும் கலந்துரையாடல். ஆசிரியர் உடனே "நீ இதைத் தப்பாகச் செய்தாய்" என்று தொடங்கினால் அங்கேயே பாடம் முடிந்துவிடும். அடுத்த முறை அந்தத் தாதி முன்வரமாட்டார். "உதிரம் பெருகுவதை எப்போது கவனித்தீர்கள்? அப்போது மனத்தில் என்ன ஓடியது? மருந்தை யார் எடுத்து வருவதாக இருந்தது?" என்று கேட்க வேண்டும். தவறைச் செய்தவரே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். சொல்லும்போது எளிதாகத் தெரியும் இதற்குப் பயிற்சி தேவை. அதட்டலும் மனப்பாடமுமே கல்வி என்று வளர்ந்த நம் சமூகங்களில் இது இன்னும் கடினம். வழிகாட்டியோ வயதில் இளையவர். எதிரே இருப்பவர் பல ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான பிரசவம் பார்த்தவர். அவரிடம் மரியாதை குறையாமல், அதே நேரத்தில் உண்மையை மறைக்காமல் பேசத் தெரிய வேண்டும்.

பயிற்சி தொடரத் தொடரத் தாதியரின் செய்முறைத் திறன் உயர்ந்ததை ஆய்வுகள் காட்டின. ஆனால் திறன் மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. ஆள் பற்றாக்குறை, எட்டும் இடத்தில் இல்லாத கருவி, தீர்ந்துபோன மருந்து ஆகியவை பீகாரின் பிரசவ அறைகளில் பெரும் தடைகளாக நின்றன. பாவனைப் பயிற்சியில் இந்தக் குறைகளும் வெளிச்சத்துக்கு வந்தன என்பது கவனிக்கத்தக்கது. காற்றுப்பை எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடிய அந்த ஒரு நிமிடம், உண்மைக் குழந்தையிடம் வீணாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வளர்ந்த நாடுகளுக்கும் ஏன்?

இதெல்லாம் வசதி குறைந்த நாடுகளுக்குத்தான், நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக 109 பிரசவங்கள். அன்று அங்கே பயின்ற மருத்துவச்சி, எந்தச் சிக்கலையும் விரைவிலேயே நேரில் கண்டிருப்பார். 2023இல் சிங்கப்பூர் முழுவதிலும் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 33,500. அன்று ஒரே மருத்துவமனையில் பிறந்ததைவிட இன்று நாடு முழுவதும் பிறப்பது குறைவு. பிறப்பு குறையக் குறைய, அபூர்வமான ஆபத்துகளை இளம் தாதியர் நேரில் காணும் வாய்ப்பும் குறைகிறது. ஆனால் அந்த ஆபத்து ஒருநாள் வரத்தான் செய்யும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள சவுத்மீட் மருத்துவமனை இதற்கு நல்ல சான்று. தலை வெளியே வந்தபின் குழந்தையின் தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக் கொள்வது அரிதான, ஆனால் அபாயமான நிலை. பதறி இழுத்தால் குழந்தையின் கை நரம்பு அறுந்து கை செயலிழக்கலாம். 2000ஆம் ஆண்டு தொடங்கி, மருத்துவச்சிகளும் மருத்துவர்களும் அங்கே ஒன்றாகவே சேர்ந்து ஆண்டுதோறும் பாவனைப் பயிற்சி செய்தார்கள். இத்தகைய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்படும் விகிதம் 9.3 விழுக்காட்டிலிருந்து 2.3 விழுக்காடாகக் குறைந்ததாக 2008இல் அறிவிக்கப்பட்டது. ஒரு முறை நடத்திவிட்டுக் கைகழுவியிருந்தால் இது நடந்திருக்காது. பயிற்சி ஆண்டுதோறும் தொடர்ந்தது, பயனும் தொடர்ந்தது.

நிலைப்பது எது?

சுசுருதரின் சுரைக்காயிலிருந்து பீகாரின் தைத்த கால்சட்டை வரை, பயிற்சிப் பொருள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. விலை கூடியதும் உண்டு, குறைந்ததும் உண்டு. விலையுயர்ந்த கணினிப் பொம்மையை வாங்கிக் கண்ணாடி அறையில் வைத்துத் திறப்பு விழா நடத்துவது எந்த நிர்வாகத்திற்கும் எளிது. படம் நாளிதழிலும் வரும். அந்தப் பொம்மையைக் கொண்டு வாரந்தோறும் கற்பிக்க ஒரு தாதிக்கு நேரம் ஒதுக்குவதும், அவருக்குக் கற்பிக்கும் கலையைச் சொல்லிக் கொடுப்பதும், அதைப் பணியின் ஒரு பகுதியாக மதித்து ஊதியம் தருவதும் எளிதல்ல. படத்தில் வராத வேலை அது.

டு கூத்ரே அம்மையாரின் இயந்திரங்களுள் ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. ஆனால் அவர் உருவாக்கிய மாணவியரும் பயிற்றுநர்களும் தத்தம் ஊர்களில் மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். அவர்கள் கைபட்டுப் பிறந்த பிள்ளைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் பிரான்சில் வாழ்கிறார்கள். மகப்பேற்றுத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கும் அரசாங்கமும் மருத்துவமனையும் இதை நினைவில் கொள்ள வேண்டும். எத்தனை பொம்மைகள் வாங்கினோம் என்பதோடு, எத்தனை தாதியரை ஆசிரியராக்கினோம், சென்ற வாரம் அவர்கள் கற்பித்தார்களா என்பதையும் கணக்கில் எடுத்தால்தான் செலவிட்ட பணம் தாய்க்கும் சேய்க்கும் போய்ச் சேரும்.